பொரித்ததில் கிருமி இருக்காது

நம் வயதுக்காரர்களுக்கு வயிற்றைப் பற்றிப் பேச வெட்கம் கிடையாது. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்ததும் முதலில் முழங்கால், பிறகு சர்க்கரை, கடைசியில் வயிறு. போன வாரம் நம்மில் ஒருத்தி கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு மூன்று நாள் படுத்து எழுந்து வந்தாள். "அந்த ஐஸ்கிரீம்தான் காரணம். சுடச்சுட பொரிச்ச வடையில என்ன தப்பு வரப்போகுது?" என்று தீர்ப்பும் சொன்னாள். நீங்கள் எல்லாரும் தலையை ஆட்டினீர்கள். நானும் ஆட்டினேன். முப்பது வருடம் நர்ஸ் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு இது புதிதல்ல, வாயை மூடிக்கொள்வதில் எனக்கு எட்டு வயதிலிருந்தே பழக்கம். அதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். கேட்டுவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. அரிசி இன்னும் ரேஷன்தான். அம்மா மைசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். அப்பாவுக்கு ரயில்வேயில் வெளியூர் வேலை, மாதம் ஒருமுறை வருவார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நர்ஸுகளுக்கென்று வரிசையாகக் கட்டிய ஓட்டு வீடுகளில் ஒன்று எங்களுடையது. எங்கள் வரிசை முழுக்கப் பினாயில் வாசம் அடிக்கும். அந்த வாசம் அடித்தால் சுத்தம், அடிக்காவிட்டால் அழுக்கு. அம்மாவுக்கு உலகம் இப்படி இரண்டே பாகம்தான்.

வரிசையின் கடைசியில் பொதுச் சமையலறை. டியூட்டி முடிந்து வரும் நர்ஸுகளுக்கு அங்கே சமைத்தவரை எல்லாரும் மார்டள்ளி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். புருஷன் இறந்த பிறகு மகளையும் ஒரு பசுவையும் கூட்டிக்கொண்டு, கொள்ளேகால் பக்கத்தில் இருக்கும் மார்டள்ளி ஊரிலிருந்து வந்தவர். பசு சமையலறைக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகையில் நின்றது. அதன் பால்தான் எங்கள் வரிசைக்கு. அவர் மகளுக்குப் பதினாறு வயது. எட்டாம் வகுப்பு தேறியிருந்தாள். அவளை நர்ஸாக்க வேண்டும் என்பதுதான் அக்காவுக்கு இருந்த ஒரே ஆசை. பயிற்சிப் பள்ளியில் சேர மார்க் மட்டும் போதாது. குடும்பம் நல்ல குடும்பம், சுத்தமான குடும்பம் என்று ஒரு ஸ்டாஃப் நர்ஸ் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். அம்மா எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தாள்.

"நர்ஸம்மா கையெழுத்துப் போட்டுட்டா எம்புள்ள பொழச்சுக்குவாளுங்க," என்று பால் ஊற்றும்போதெல்லாம் அக்கா சொல்வார்.

"ஜூன்ல எழுதித் தரேன்னு சொன்னேன் அல்வா? சும்மா நச்சரிக்காதே," என்பாள் அம்மா. அல்வா என்றால் 'இல்லையா'. அம்மாவின் தமிழில் இப்படிக் கன்னடம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மைசூர்த் தமிழே அப்படித்தான்.

அந்த மே மாதம் எனக்குப் புதுநன்மை. மற்ற சபைக்காரர்களுக்காகச் சொல்கிறேன், கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள் அது. பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன், தலையில் வலை முக்காடு, கையில் மெழுகுவர்த்தி. என் கவுன் ஒரு டாக்டரம்மா வீட்டிலிருந்து இரவல். அக்குளில் இறுக்கிப் பிடிக்கும். முந்தின நாள் சாயங்காலம் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். பிறகு நன்மை வாங்கும்வரை பாவம் செய்யக் கூடாது. நடுச்சாமத்திலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. பசியோடு பூசை முடித்து வரும் பிள்ளைகளுக்குப் பங்குக் கோயிலில் காலை விருந்து கொடுப்பார்கள். அந்த வருடம் சமையல் பொறுப்பு மார்டள்ளி அக்காவுக்கு வந்தது. யாரோ புண்ணியவான் கோழிகள் வாங்கிக் கொடுத்திருந்தார். இட்லி, வாழைப்பழம், காய்ச்சின பால், கோழி கட்லெட் என்று முடிவாயிற்று. கட்லெட் என்ற சொல்லைக் கேட்டே ஞானோபதேச வகுப்பில் எங்கள் கவனம் போயிற்று. மடத்துச் சிஸ்டர் பத்துக் கட்டளைகளைச் சொல்லச் சொன்னால் ஆறுக்கு மேல் யாருக்கும் வரவில்லை.

இதற்கு நடுவில் எனக்கு வலது கை நடுவிரலில் நகச்சுற்று வந்தது. நகத்தைச் சுற்றிச் சிவந்து, வீங்கி, விண்விண்ணென்று தெறித்தது. மார்டள்ளி அக்கா ஒரு எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் தொப்பி மாதிரி மாட்டிவிட்டார். அம்மா அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு போரிக் பவுடரும் துணிக்கட்டும் போட்டாள். "சாப்பாட்டுச் சாமான் எதையும் தொடாதே, தெரிஞ்சுதா?" என்று மிரட்டவும் செய்தாள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போன அன்றைக்குக் காலையில் அது உடைந்து சீழ் வந்தது. வலி பாதியாகக் குறைந்தது. வலி போனால் வியாதி போயிற்று என்பது எட்டு வயதுக் கணக்கு.

கோயிலில் என் பாவங்களை எல்லாம் சொல்லி முடித்தேன். சர்க்கரை திருடியது, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கிள்ளியது, ஜெபமாலை நேரத்தில் தூங்கியது. மனசு பஞ்சாகப் பறந்தது. அப்படியே சமையலறைக்கு ஓடினேன்.

கோழியை வேகவைத்து எலும்பு நீக்கியிருந்தார்கள். அக்காவின் மகள் உருளைக்கிழங்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். ஆவி பறந்தது. மிளகும் புதினாவும் மூக்கில் ஏறின. கோழியைப் பிய்த்து, கிழங்கோடு சேர்த்து, பெரிய அலுமினிய அண்டாவில் பிசைந்து வைத்துவிட வேண்டும். காலையில் ஐந்து மணிக்கு உருட்டித் தட்டி எண்ணெயில் போட்டால் போதும். காலையில் எல்லாரும் கோயிலுக்கு ஓடுகிற அவசரத்தில் பிசைய நேரம் ஏது? கட்லெட்டைப் பொறுத்தவரை எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம்.

"நானும் பிசையறேன்க்கா," என்றேன்.

"வெரலு ஆறிப்போச்சா கண்ணு?" என்று அக்கா கேட்டார். அப்போது கொட்டகையில் பசு கத்தியது. பால் கறக்கும் நேரம். அவருக்கு ஒரு கால் வாசலுக்கு வெளியே.

"ஆறிடுச்சுக்கா," என்றேன். கட்டை அதற்குள் அவிழ்த்துப் பாவாடை மடிப்பில் செருகியிருந்தேன். கையை விரித்து நீட்டினேன். இடது கையை நீட்டினேன்.

அவர் பார்த்தார், போனார். பாவசங்கீர்த்தனம் முடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். நாளைக்கு விருந்தில் மற்றப் பிள்ளைகளிடம், "கட்லெட்டு நான் பிசைஞ்சது" என்று சொல்லிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வேறு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. வெதுவெதுவென்ற கிழங்குக்குள் விரலை விட்டதும் வலிக்கு இதமாக இருந்தது. அந்த இதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிசைந்து முடித்துக் கையைக் கழுவிக் கட்டை மறுபடி சுற்றிக்கொண்டேன். அண்டாவின்மேல் தாம்பாளத்தைக் கவிழ்த்து, எறும்பு ஏறாமல் அடுப்பு மேடையிலேயே வைத்தார்கள். மே மாதத்து வெக்கை, அடுப்பில் தணல். ஐஸ் பெட்டி ஆஸ்பத்திரியில் மருந்துக்கு மட்டும்தான் இருந்தது.

மறுநாள் பூசை முடிந்ததும் விருந்து. பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நான் மூன்று கட்லெட் சாப்பிட்டேன். முந்தின நாள் சொன்ன பொய்யை நினைத்து என் பெருமையை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. பொய்யோடு போய் நன்மை வாங்கியிருக்கிறேன், அது எப்பேர்ப்பட்ட பாவம் என்று சிஸ்டர் எங்களுக்குப் படம் போட்டே விளக்கியிருந்தார்.

பத்து மணி வாக்கில் போட்டோ எடுப்பவர் வந்தார். மூன்று கால் பெட்டியை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "யாரும் அசையக் கூடாது" என்றார். இருபதுக்கு மேல் பிள்ளைகள் மெழுகுவர்த்தியோடு நின்றோம். முன்வரிசையில் இருந்த சின்னப் பெண் முதலில் வாந்தி எடுத்தாள். வெள்ளைக் கவுன் முழுக்க. அவளைத் தொட்டு அடுத்தவள். பிறகு ஒரு பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தான். எனக்கு நெற்றி சில்லென்று வியர்த்து, குடலை யாரோ ஈரத்துணி பிழிவது போல முறுக்கியது. அந்தப் போட்டோ எடுக்கப்படவே இல்லை. எங்கள் வருடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் புதுநன்மைப் படம் கிடையாது.

டாங்கா வண்டிகளில் எங்களை ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். வாந்தி, பேதி, மறுபடி வாந்தி. நாங்கள் எல்லாம் சாயங்காலத்துக்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டோம். முன்வரிசைச் சின்னப் பெண் மட்டும் கண் செருகிக் கிடந்தாள். அவளுக்குச் சலைன் ஏற்றினார்கள். இரண்டு நாள் அம்மா அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. நான் பக்கத்துக் கட்டிலில் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, அவள் செத்தால் அது என் பாவத்தின் சம்பளம் என்று நடுங்கினேன். விரலைப் பற்றி நினைக்கவே இல்லை. ஆண்டவர் எனக்குக் கொடுக்க வேண்டிய தண்டனையை அவசரத்தில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டார் என்றுதான் நம்பினேன். சொன்னால் என்னைக் கோயிலுக்குள்ளேயே விடமாட்டார்கள் என்று பயந்தேன். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். நல்ல வேளை என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

விசாரணை அன்றைக்கே வார்டில் நடந்தது. பெரிய டாக்டர் ஒவ்வொரு பண்டமாகக் கேட்டார். கட்லெட் என்றதும் கையை ஆட்டினார். எண்ணெயில் பொரித்ததில் கிருமி இருக்காது, அதை விடுங்கள் என்றார். பிறகு, "ஹாலு யார மனேது?" என்று கேட்டார். பால் யார் வீட்டுடையது என்று கேட்கிறார். எல்லார் கண்ணும் மார்டள்ளி அக்கா பக்கம் திரும்பியது.

"மூணு பொங்கு பொங்கவெச்சுத்தானுங்க எறக்குனேன்," என்றார் அக்கா. கட்லெட் பொரிந்ததை ஊரே பார்த்தது. பால் பொங்கியதைப் பார்த்தது அவர் ஒருவர்தான். ஓடிப்போய் அன்றைய மிச்சப் பாலைச் செம்போடு கொண்டுவந்தார். "எல்லாரும் பாருங்க, நானே குடிக்கறனுங்க" என்று அங்கேயே முழுச் செம்பையும் குடித்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கும் ஒரு பங்கு மாமி, "அவங்க உடம்புக்கு அது பழகியிருக்கும்," என்றார்.

கோயில்பிள்ளைக் கிழவர் அன்று காலை இரண்டு டம்ளர் பால் குடித்தார். கறி அவருக்குச் சேராது, கட்லெட்டைத் தொடவில்லை. அவர் திடமாக மணி அடித்துக்கொண்டிருந்தார். யார் எதைச் சாப்பிட்டார்கள், யாருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு தரம் கேட்டிருந்தால் போதும். ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்கும்தான்.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில், "பொய் சொன்னேன் சாமி," என்றேன்.

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை."

மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார் சாமியார். சொன்னேன். கணக்குத் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அவர் பாலை வாங்குவதை மட்டும் ஒவ்வொரு வீடாக நிறுத்திக்கொண்டது. பிறகு நர்ஸுகள் சாப்பாட்டையும் ஆஸ்பத்திரி கான்டீனிலிருந்து வரவழைத்துக்கொண்டார்கள். ஜூன் வந்தது. அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"புள்ளைக்கு அந்தக் கடுதாசிங்க," என்றார்.

அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "சுத்தமான குடும்பம்னு எழுதணும் அக்கா. இவ்வளவு ஆன பிறகு நான் எப்படி எழுதறது? நாளைக்கு யாராவது கேட்டா?"

அக்கா வாதாடவில்லை. "மாடு என்ன தழையத் தின்னுச்சோ, எனக்கே தெரியலீங்க," என்று மட்டும் சொன்னார். அதற்குள் அவரும் பாலையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. நான் அம்மாவின் பின்னால்தான் நின்றேன். விரல் நன்றாக ஆறி, புது நகம் முளைத்துக்கொண்டிருந்தது. அந்த வாரமே அவர் பசுவை விற்றுவிட்டு, மகளோடு கொள்ளேகால் பஸ் ஏறினார்.

பத்தொன்பது வயதில் நான் நர்ஸ் பயிற்சியில் சேர்ந்தேன். எனக்கு எழுதிக் கொடுக்க அம்மா இருந்தாளே. இரண்டாவது மாதம் கிருமிகளைப் பற்றிய பாடம். ஆசிரியை கரும்பலகையில் திராட்சைக் கொத்துப் போலப் புள்ளிகள் வரைந்தார். கட்டி, கொப்புளம், நகச்சுற்று இவற்றின் சீழில் இருப்பது இந்தக் கிருமி என்றார். புண்ணுள்ள கையால் சமைத்த உணவைத் தொட்டால் அதில் இறங்கும், வெதுவெதுப்பில் ராத்திரி முழுக்கப் பெருகி ஒரு விஷத்தைச் சுரக்கும். மறுபடி கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் கிருமி சாகும், விஷம் சாகாது. வயிற்றுக்குள் போய் இரண்டு மூன்று மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் வரும். நான் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். 'விஷம் சாகாது' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஆனது ஆச்சு. இப்போ போய்க் கிளறினா உனக்கும் கெட்ட பேர், எனக்கும் கெட்ட பேர். பிடு," என்றாள். பிடு என்றால் விட்டுவிடு. நானும் விட்டேன். அம்மா சொன்னாள் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. அம்மா போன பிறகும் விட்டேன். அதற்கு யார்மேல் பழி போடுவது?

இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. முப்பது வருடம் வகுப்பில் இந்தக் கதையை நான் சொல்லியிருக்கிறேன். 'ஓர் ஊரில் ஒரு சிறுமி' என்று ஆரம்பிப்பேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் தப்பு எழுதியதில்லை. நல்ல ஆசிரியை என்று பேர் வாங்கிக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு, பழைய மாணவி ஒருத்தியின் கல்யாணம் மார்டள்ளியில் நடந்தது. போகாமல் இருக்க ஆயிரம் சாக்கு தேடினேன். கடைசியில் போனேன். கோயில் தெருவில் விசாரித்ததும் அக்காவின் வீட்டைக் காட்டிவிட்டார்கள். முற்றத்தில் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தது. முறத்தோடு எழுந்து வந்த கிழவியை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அக்காவின் மகள்தான். அவள் என்னைக் கண்டுகொண்டாள்.

"ஏனுங், நீங்க நர்ஸம்மா பொண்ணுதானுங்? மொகம் அப்படியே உங்கம்மா. வாங்க, உக்காருங்க."

கடுங்காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். "தப்பா நெனச்சுக்காதீங்க, இந்த வீட்டுல பால் கெடையாது. அம்மா பொழங்க விடமாட்டாங்க. நம்ம கையால குடுத்த பால்ல அத்தனை புள்ளைங்க சாகக் கெடந்துச்சேன்னு, சாகற வரைக்கும் அதே பேச்சுத்தானுங்க. என் கொழந்தைகளுக்குக்கூட அவங்க கையால சோறு ஊட்டுனதில்ல. பேரன் பேத்திய மடியில வெச்சுக்குவாங்க, வாயில ஒண்ணும் வெக்க மாட்டாங்க. பயமுங்க."

காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். நகச்சுற்று, இடது கை, அண்டா, சாகாத விஷம், எதையும் மறைக்கவில்லை. வகுப்பில் சொல்கிறபோது தங்குதடையில்லாமல் வருகிற கதை அன்றைக்குத் திக்கித் திக்கி வந்தது. அவள் முறத்தை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு வரத்தான் போயிருந்தேன். அவளும் அதைச் சொன்னாள்.

"சின்னப் புள்ள, உங்களுக்கு என்னங்க தெரியும்?" என்றாள். பிறகு கேட்டாள்: "காரணம் பாலு இல்லைன்னு உங்களுக்கு எப்பங்க தெரிஞ்சுது?"

பொய் சொல்லியிருக்கலாம். "பத்தொம்பது வயசுல," என்றேன்.

அவள் முறத்தில் கிடந்த சோளத்தில் கல் பொறுக்க ஆரம்பித்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"எங்கம்மா செத்து நாலு வருசந்தானுங்க ஆச்சு," என்றாள்.